படை விலகும் நிலத்தில் கணக்கும் கண்காணிப்பும்: தியாகதுருகம் முதல் முல்லைத்தீவு வரை

ஆய்வுச் சுருக்கம்

பாதுகாப்பற்ற பகுதிகளில் வெளிநாட்டு நிதியால் நடைபெறும் புனரமைப்புப் பணிகளை, படைகள் விலகும் காலத்தில் மேற்பார்வையிடுவது எவ்வாறு என்னும் வினா, 2013-2014ஆம் ஆண்டுகளில் ஆப்கானிஸ்தானை முன்னிறுத்தி உலகளவில் பேசப்பட்டது. தமிழர் வாழும் நிலப்பகுதியில் இவ்வினா அதற்கு முன்னரே எழுந்துவிட்டது. 1987 முதல் 2009 வரையிலான இலங்கை வடகிழக்கின் பட்டறிவை, பதினெட்டாம் நூற்றாண்டுத் தியாகதுருகத்தின் பின்புலத்தோடு வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. படையும் நிதியும் அயல்நாட்டு மேற்பார்வையாளரும் விலகிய பின்னரும் எஞ்சி நின்ற மேற்பார்வை அமைப்பு, உள்ளூர்க் குடிமை நிர்வாகத்தின் பதிவேடே என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: புனரமைப்பு, மேற்பார்வை, படை விலகல், கச்சேரி, தியாகதுருகம், இலங்கை வடகிழக்கு, வீடமைப்பு.

முன்னுரை

புனரமைப்புப் பணியின் மேற்பார்வை என்பது மூன்று செயல்களை உள்ளடக்கியது. பணி நடைபெறும் இடத்திற்குச் சென்று பார்த்தல் முதலாவது. பணம் சென்ற வழியைக் கணக்கிடுதல் இரண்டாவது. பயன்பெற வேண்டியவர் யார் என்பதைத் தெரிந்து பட்டியலிடுதல் மூன்றாவது. அமைதி நிலவும் நாட்டில் இம்மூன்றும் ஒரே அலுவலகக் கோப்பில் அடங்கிவிடும். போர் நிலத்தில் இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு கைகளுக்குச் சென்றுவிடுகின்றன. சாலையைப் படை வைத்திருக்கிறது. பணத்தைக் கொடையாளர் வைத்திருக்கின்றனர். பட்டியலைச் சிற்றூர் அலுவலர் வைத்திருக்கிறார். படை விலகும்பொழுது இம்மூன்றில் எது முதலில் அறுகிறது, எது கடைசிவரை நிற்கிறது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

தியாகதுருகம்: படை மாறிய கோட்டை, மாறாத கணக்கு

கள்ளக்குறிச்சிக்கு அருகிலுள்ள தியாகதுருகம் மலைக்கோட்டை, கருநாடகப் போர்களின்போது பலமுறை கைமாறியது. 1760ஆம் ஆண்டில் புதுச்சேரியைக் காக்கப் போராடிய பிரெஞ்சுத் தளபதி லாலி, மைசூரின் ஐதர் அலியோடு உடன்படிக்கை செய்துகொண்டார். படையுதவியும் உணவுப்பொருளும் பெறுவதற்கு ஈடாகத் தியாகதுருகம் மைசூரார்க்கு அளிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காண்டே ராவின் எதிர்ப்பால் ஐதர் நெருக்கடிக்கு உள்ளானார்; தமிழகத்திற்கு வந்த மைசூர்ப் படை திருப்பி அழைக்கப்பட்டது. படையோடு உதவியும் நின்றது. 1761 சனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. அதனையடுத்துத் தியாகதுருகமும் ஆங்கிலேயர் வசமாயிற்று. முப்பதாண்டுகளுக்குப் பின், 1790இல், திப்பு சுல்தான் இக்கோட்டையைத் தாக்கியபொழுது கேப்டன் பிளின்ட் அதனைக் காத்து நின்றார்.

இந்நிகழ்வுகளில் உதவியும் படையும் ஒரே உடன்படிக்கையின் இரு பக்கங்களாக இருந்தன. உதவி வந்து சேர்ந்ததா, எவ்வளவு வந்தது, எவர்க்குப் பயன்பட்டது என்பதைப் படையைச் சாராத எவரும் பார்க்கவில்லை. ஆயினும் கோட்டையில் எவர் கொடி பறந்தாலும் சுற்றுப்புற ஊர்களின் நிலமும் விளைச்சலும் வரியும் ஊர்க் கணக்கரின் ஓலையிலும் தாளிலும் பதிவாகிக்கொண்டிருந்தன. நவாபின் ஆட்களும் பிரெஞ்சுக்காரரும் மைசூராரும் கும்பினியாரும் அக்கணக்கையே நாட வேண்டியிருந்தது. 1801இல் கருநாடகத்தின் ஆட்சியைக் கும்பினி ஏற்றபொழுது அதன் வருவாய் நிர்வாகம் தொடங்கியதும் அக்கணக்குகளிலிருந்துதான். அவை குறையற்றவை அல்ல. மறைத்தலும் கூட்டியெழுதலும் அவற்றில் உண்டு. ஆனால் ஊரை அறிந்தவர் எழுதிய பதிவு வேறு இல்லை.

இந்நிர்வாக மரபு தமிழகத்தோடு நின்றுவிடவில்லை. 1796இல் ஒல்லாந்தரிடமிருந்து இலங்கையின் கரையோரப் பகுதிகளைக் கைப்பற்றிய கும்பினி, 1798 வரை அவற்றைச் சென்னையிலிருந்தே ஆண்டது. சென்னை மாகாண முறைப்படி அமில்தார்கள் அனுப்பப்பட்டனர். அவர்களது வரிமுறைக்கு எதிராக 1797இல் கிளர்ச்சி மூண்டது. அமில்தார்கள் திரும்பப் பெறப்பட்டனர். ஆனால் வருவாய் அலுவலகத்தைக் குறிக்கும் ‘கச்சேரி’ என்னும் சொல் அங்கு நிலைத்தது. தமிழகத்தில் தாலுகா கச்சேரி என வழங்கிய அதே சொல், இலங்கையில் அரசாங்க அதிபரின் மாவட்ட அலுவலகத்திற்குப் பெயராயிற்று. யாழ்ப்பாணக் கச்சேரி, முல்லைத்தீவுக் கச்சேரி என்னும் வழக்குகள் மாவட்டச் செயலகம் எனப் பெயர் மாறிய பின்னரும் மக்கள் பேச்சில் தொடர்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அப்பதிவேடுகள் ஆற்றிய பணியே இனிவரும் பகுதிகளின் மையம்.

1987-1990: முதல் புனரமைப்பும் முதல் விலகலும்

1987 சூலை 29 அன்று கையொப்பமான இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து இந்திய அமைதிப்படை வடகிழக்கில் நிலைகொண்டது. உலக வங்கியின் ஒருங்கிணைப்பில் கொடை நாடுகள் வடகிழக்குக்கான அவசரப் புனரமைப்பு, புனர்வாழ்வுத் திட்டமொன்றுக்கு உதவ முன்வந்தன. ஆனால் 1987 அக்டோபரிலேயே அமைதிப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டுவிட்டது. 1988 நவம்பரில் வடகிழக்கு மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது. வரதராஜப் பெருமாள் முதலமைச்சரானார். மாகாண சபை அதிகாரப் பகிர்வையும் நிதியையும் கோரியது. கொழும்பு அவற்றை முழுமையாகக் கையளிக்கவில்லை.

1989 சூன் முதல் நாள், அரசுத்தலைவர் பிரேமதாச அமைதிப்படை இரு மாதத்திற்குள் வெளியேற வேண்டுமெனக் கோரினார். செப்டம்பரில் உடன்பாடு எட்டப்பட்டது. 1990 மார்ச்சு 24 அன்று கடைசிப் பிரிவு திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. இவ்விலகலின் கால அட்டவணையை வகுத்தது கொழும்பு, புது தில்லி ஆகியவற்றின் அரசியலே. எந்தப் பாலம் முடிந்தது, எந்தக் குளத்தின் அணைக்கட்டு பாதியில் நிற்கிறது என்பவற்றுக்கு அந்த அட்டவணையில் இடமில்லை. மாகாண சபை படையோடு சரிந்தது. மூன்று மாதத்திற்குள், 1990 சூனில், அரசுக்கும் புலிகளுக்கும் மீண்டும் போர் வெடித்தது. கட்டியவை பல இடங்களில் மீண்டும் இடிந்தன.

இக்காலகட்டம் தரும் முதற்பாடம் தெளிவானது. படையின் நிழலில் நிறுவப்படும் அரசியல் அமைப்பிடம் புனரமைப்பின் பொறுப்பை ஒப்படைத்தால், படை விலகும் நாளே அப்பொறுப்பின் கடைசி நாளாகிவிடும். எனினும் கச்சேரிகள் மூடப்படவில்லை. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த நிலப்பகுதியிலும் அரசாங்க அதிபரும் கிராம சேவையாளரும் பணியாற்றினர். ஆசிரியர்க்கும் மருத்துவப் பணியாளர்க்கும் ஊதியம் கொழும்பிலிருந்தே வந்தது. இரண்டு அதிகாரங்கள் ஒன்றையொன்று கொன்றுகொண்டிருந்த நிலத்தில், இரண்டும் ஏற்றுக்கொண்ட ஒரே அலுவலகமாகக் கச்சேரி நின்றது.

2002-2005: காவலர் உண்டு, கருவூலம் இல்லை

2002 பிப்ரவரியில் நார்வேயின் நடுநிலையில் போர்நிறுத்த உடன்படிக்கை கையொப்பமாயிற்று. வழிபாட்டிடங்களிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் பொதுக் கட்டடங்களிலிருந்தும் படையினர் வெளியேற அது காலவரையறை விதித்தது. யாழ்ப்பாணத்திற்கான ஏ9 நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. ஆண்டின் இறுதியில் தாய்லாந்துப் பேச்சுவார்த்தையில் இரு உப குழுக்கள் அமைந்தன. ஒன்று, உடனடி மனிதாபிமான, புனர்வாழ்வுத் தேவைகளுக்கானது. மற்றொன்று, பதற்றத் தணிப்புக்கும் இயல்புநிலை மீட்புக்குமானது. முதற்குழுவிடம் புனரமைப்பு இருந்தது. இரண்டாம் குழுவிடம் படை விலகல் இருந்தது.

இப்பிரிப்பு தாளில் மட்டுமே நின்றது. பலாலி, காங்கேசன்துறைப் பகுதிகளின் உயர் பாதுகாப்பு வலயங்களுக்குள் மக்களின் வீடும் வயலும் அடைபட்டிருந்தன. புலிகள் ஆயுதம் களையாமல் அவ்வலயங்களைக் குறைக்க இயலாது என்று படைத்தரப்பு கூறியது. 2003 தொடக்கத்தில் இரண்டாம் உப குழுவிலிருந்து புலிகள் விலகினர். வலயம் திறக்காத நிலையில் அங்கு வீட்டுத்திட்டம் எவ்வாறு நடைபெறும்? மேற்பார்வையாளருக்கு இடையூறாக இருந்தது படை விலகியமை அன்று; படை விலகாமையே. இவ்விடத்தில்தான் இலங்கையின் பட்டறிவு ஆப்கானிஸ்தானிலிருந்து வேறுபடுகிறது.

நிதி பற்றிய உடன்பாடு இதனினும் எளிதாகத் தோன்றியது. வடகிழக்குப் புனரமைப்பு நிதியத்தின் காப்பாளராக உலக வங்கியை இருதரப்பும் 2003 சனவரியில் ஏற்றன. ஆனால் ஏப்ரலில் புலிகள் பேச்சுவார்த்தையை இடைநிறுத்தினர். சூன் மாத டோக்கியோ மாநாட்டில் அவர்கள் பங்கேற்கவில்லை. அம்மாநாட்டில் நான்காண்டுகளுக்கு 450 கோடி டாலர் உறுதியளிக்கப்பட்டது. அவ்வுறுதி அமைதிப் பேச்சின் முன்னேற்றத்தோடு பிணைக்கப்பட்டது. நிதியத்திற்குக் காப்பாளர் கிடைத்தும் நிதியம் செயற்படவில்லை. 2003 அக்டோபர் இறுதியில் புலிகள் முன்வைத்த இடைக்காலத் தன்னாட்சி அதிகாரசபை முன்மொழிவு, வெளிநாட்டு நிதியை நேரடியாகப் பெறும் அதிகாரத்தைக் கோரியது. கணக்காய்வாளர் தலைமையதிபரை அவ்வதிகாரசபையே நியமிக்கும் என்றும் அது கூறியது. மேற்பார்வை தேவையென்பதில் எவர்க்கும் மறுப்பில்லை. மேற்பார்வையாளரை நியமிப்பவர் யார் என்பதே சிக்கலாயிற்று. கணக்காய்வு உரிமை இறைமைக்குரிய அடையாளமாகக் கருதப்பட்டதை இது காட்டுகிறது.

2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின்னரும் இதுவே மீண்டும் நிகழ்ந்தது. 2005 சூன் 24 அன்று அரசும் புலிகளும் கையொப்பமிட்ட பொதுக்கட்டமைப்பில், வட்டாரக் குழுவுக்குப் புலிகள் ஐவரையும் முஸ்லிம் கட்சிகள் மூவரையும் அரசு இருவரையும் நியமிப்பதாக இருந்தது. வட்டார நிதிக்கு உலக வங்கி காப்பாளர் ஆவதாக இருந்தது. ஆட்சிக் கூட்டணியிலிருந்து மக்கள் விடுதலை முன்னணி விலகியது. சூலை 15 அன்று உச்ச நீதிமன்றம், வட்டார நிதி, கிளிநொச்சியில் குழுவின் அமைவிடம் உள்ளிட்ட முதன்மைக் கூறுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. கட்டமைப்பு அதன்பின் உயிர்பெறவில்லை.

பெருநிதியங்கள் இவ்வாறு முடங்கிய அதே காலத்தில் சிறிய அளவிலான திட்டங்கள் நடைபெற்றமை கவனிக்கத்தக்கது. போர் நடந்துகொண்டிருக்கும்பொழுதே தொடங்கிய வடகிழக்கு நீர்ப்பாசன விவசாயத் திட்டம், உலக வங்கியின் நிதியில் சிறு குளங்களையும் ஊர்ச் சாலைகளையும் செப்பனிட்டது. பணிகளில் கமக்காரர் அமைப்புகளுக்கு முதன்மைப் பங்கு தரப்பட்டது. ஆசிய வளர்ச்சி வங்கியின் நிதியிலான சமுதாய மறுசீரமைப்புத் திட்டமும் மாகாண, மாவட்ட அலுவலகங்கள் வழியாகவே நடந்தது. குளத்தின் மதகு சரியாக மூடுகிறதா என்பதை அடுத்த போகத்தில் அக்குளத்து நீரில் பயிரிடுபவர் பார்த்துவிடுவார். அவர்தம் பார்வைக்கு விமானமோ காவல் வண்டியோ தேவையில்லை. எவர்க்கும் இறைமை தராத அளவுக்குச் சிறிய பணிகளாதலால் இவற்றை ஆயுதம் தாங்கிய இருதரப்பும் தடுக்கவில்லை எனலாம்.

ஆப்கானிஸ்தான்: படையோடு சுருங்கிய பார்வை

ஆப்கானிஸ்தானில் அமெரிக்க நிதியைக் கண்காணிக்க 2008இல் சிறப்புத் தலைமை ஆய்வாளர் அலுவலகம் நிறுவப்பட்டது. 2013 அக்டோபரில் அவ்வலுவலகம் வெளியிட்ட மதிப்பீடு, படை விலகல் முடியும் 2014 இறுதியில் நாட்டின் பரப்பில் 21 விழுக்காட்டிற்கு மேல் அமெரிக்கக் குடிமை மேற்பார்வையாளர் செல்ல இயலாது எனக் கணித்தது. காயமுற்றவரை உரிய நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லக்கூடிய தொலைவே பார்வையின் எல்லையாயிற்று. எல்லைக்கு வெளியே நின்ற கட்டடங்களை உள்ளூர் ஒப்பந்த நிறுவனங்களின் ஒளிப்படங்கள், செயற்கைக்கோள் படங்கள் ஆகியவற்றைக் கொண்டு கண்காணிக்க முயன்றனர்.

சாலையையும் மருத்துவ உதவியையும் படை அளித்ததால் சென்று பார்த்தல் என்னும் முதற்செயல் அங்கு படையோடு சுருங்கியது. அதனை ஈடுசெய்யத் தொழில்நுட்பம் தேடப்பட்டது. மேலிருந்து எடுக்கும் படம் கூரை இருப்பதைக் காட்டும். அக்கூரையின் கீழ் ஆசிரியர் இருக்கிறாரா, பள்ளி எவர் நிலத்தில் கட்டப்பட்டது என்பவற்றைக் காட்டாது. அதற்கு ஊரைப் பெயர் பெயராக அறிந்த பதிவேடு வேண்டும்.

2008-2009: மேற்பார்வையாளர் விலகியபொழுது

இக்கருதுகோளுக்கு மிகக் கடுமையான சோதனை வன்னியில் நிகழ்ந்தது. 2008 செப்டம்பரில், பாதுகாப்புக்கு உறுதியளிக்க இயலாது என அரசு அறிவித்ததையடுத்து, ஐக்கிய நாடுகள் அமைப்பின் பன்னாட்டுப் பணியாளர் கிளிநொச்சியிலிருந்து வெளியேறினர். இம்முறை விலகியது படையன்று; பார்வையாளரே விலகினர். உள்ளே எஞ்சியோருக்கு எவ்வளவு உணவும் மருந்தும் அனுப்ப வேண்டும் என்பது, எத்தனை பேர் உள்ளனர் என்னும் எண்ணைப் பொறுத்திருந்தது.

2009 பிப்ரவரித் தொடக்கத்தில் முல்லைத்தீவுக் கச்சேரியின் கணிப்பு ஏறத்தாழ 3,30,000 பேர் என்றது. கொழும்பு 70,000 பேர் என்றது. உணவு அனுப்புதல் குறைந்த எண்ணையே தழுவியது. மே மாதம் போர் முடிந்தபின் முகாம்களில் அடைக்கப்பட்டோர் தொகை 2,80,000ஐத் தாண்டியிருந்தது. ஐக்கிய நாடுகள் பொதுச்செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை இவ்வெண்களின் வேறுபாட்டை விரிவாகப் பதிவு செய்துள்ளது.

செயற்கைக்கோளும் தூதரகமும் அறியாததைக் கிராம சேவையாளரின் குடும்பப் பட்டியல் அறிந்திருந்தது. எறிகணை வீழும் இடத்திலிருந்து அப்பட்டியலைத் தொகுத்தவர்கள் அரசின் ஊதியம் பெற்ற அலுவலர்களே. அவர்களது கணக்கைக் கேட்க வேண்டிய இடம் கேட்கவில்லை. மேற்பார்வையின் மூன்றாம் செயலாகிய பட்டியல் கடைசிவரை அறுபடாமல் நின்றது; அதனை எழுதியவர்க்குத்தான் காவல் இல்லை.

போருக்குப் பின்: வீட்டுத்திட்டமும் பட்டியலுக்கு வெளியே நின்றோரும்

2010இல் இந்திய அரசு 50,000 வீடுகளுக்கான உதவியை அறிவித்தது. அவற்றுள் முதல் 1,000 வீடுகள் ஒப்பந்த நிறுவனத்தின் வழியாகக் கட்டப்பட்டன. 2012 அக்டோபர் 2 அன்று தொடங்கிய அடுத்த கட்டத்தில் முறை மாற்றப்பட்டது. வீட்டுக்குரியவரே கட்டுவிப்பவரானார். ஒரு வீட்டுக்கு இலங்கை ரூபாயில் 5,50,000 வீதம், பணி முன்னேற்றத்தைச் சரிபார்த்துப் பயனாளரின் வங்கிக் கணக்கில் தவணைகளாக நேரடியாகச் செலுத்தப்பட்டது. ஐக்கிய நாடுகளின் வாழ்விட அமைப்பு, செஞ்சிலுவைச் சங்கம் முதலியன தொழில்நுட்ப உதவி அளித்தன. இதற்கு முன்னரே உலக வங்கி நிதியிலான வடகிழக்கு வீடமைப்புத் திட்டத்திலும் இம்முறை கையாளப்பட்டிருந்தது. தன் வீட்டுச் சுவருக்கான சீமெந்தைத் தானே வாங்குபவர் கலவையைக் குறைக்க மாட்டார். அத்திபாரம் முடியாமல் அடுத்த தவணை வராது. கணக்கும் பார்வையும் இங்கு ஒரே முற்றத்தில் இணைந்தன.

ஆயினும் இம்முறை முழுவதும் பட்டியலையே சார்ந்தது. நில உரிமைச் சான்று இல்லாதவர் அதில் இடம்பெறத் தடுமாறினர். மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய நிலமற்ற குடும்பங்களும், கணவரின் பெயரில் மட்டும் பத்திரமுள்ள, அவரது இறப்புச் சான்றும் கிடைக்காத பெண்களும் இவர்களுள் அடங்குவர். 1990 அக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் இருபதாண்டு வாழ்ந்த முஸ்லிம்கள் திரும்பியபொழுது, அவர்கள் எந்த ஊர்ப் பதிவேட்டுக்கு உரியவர் என்னும் வினா எழுந்தது. பதிவேடு உயிர்காக்கும் கருவியாவதோடு ஒதுக்கும் கருவியாகவும் ஆகக்கூடும். தியாகதுருகத்துப் பகுதியின் ஊர்க் கணக்கரின் ஏட்டில் நிலமுடையோர் பெயர் இருந்தது. அந்நிலத்தில் உழைத்தோர் பெயர் பெரும்பாலும் இல்லை. அக்குறை இருநூறாண்டுகளுக்குப் பின்னும் முற்றாக நீங்கவில்லை.

முடிவுரை

படை விலகும் நிலத்தில் மேற்பார்வை தானாகச் சரியும் என்னும் பொதுக்கருத்து, மேற்பார்வை படையைச் சார்ந்து அமைக்கப்பட்ட இடங்களுக்கே பொருந்தும். இலங்கை வடகிழக்கில் 1990இல் படையோடு சரிந்தது, படையின் நிழலில் எழுந்த அரசியல் அமைப்பு. 2003இலும் 2005இலும் முடங்கியவை, இறைமையின் உரைகல்லாக்கப்பட்ட பெருநிதியங்கள். சிறு குளமும், உரியவரே கட்டிய வீடும், கச்சேரியின் குடும்பப் பட்டியலும் இவற்றினும் உறுதியாக நின்றன.

கொடையாளர்களின் கவனம் பெரும்பாலும் பணத்தின் காப்பாளரைத் தேடுவதிலேயே சென்றது. பட்டியலின் காப்பாளருக்குப் பாதுகாப்பளிப்பதும், அவர் எழுதிய எண்ணைப் பொதுவெளியில் வைப்பதும், அதில் விடுபட்டோர் முறையிட வழியமைப்பதும் உடன்படிக்கைகளில் முதன்மை பெறவில்லை. 1760இல் தியாகதுருகத்தைக் கைமாற்றியோர் ஊர்க் கணக்கரைப் பொருட்படுத்தவில்லை; 2009இல் முல்லைத்தீவின் எண்ணைப் பெற்றோர் அதனை நம்ப மறுத்தனர். இவற்றுள் இரண்டாவதன் விலை மனித உயிர்கள். இனிவரும் புனரமைப்பு உடன்படிக்கைகளை மதிப்பிடுவோர், நிதி எவர் கையில் என்பதோடு பதிவேடு எவர் கையில், அவர்க்குக் காவல் எவர் என்பவற்றையும் வினவுதல் வேண்டும்.